உட்காருங்க சார், யானை எங்கேயும் போகாது!

ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அதற்கு எட்டுப் போட வேண்டும். கால் தரையில் பட்டால் 'போயிட்டு அப்புறமா வாங்க' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் 75 பேர் ஏறுகிற சுற்றுலாப் படகில் காலை வைக்க நமக்கு என்ன தகுதி வேண்டும்? டிக்கெட் காசு. அவ்வளவுதான்!

இந்தச் சந்தேகத்தை எனக்குள் கிளப்பிவிட்ட ஊர் தேக்கடி.

போகும் வழியே பாதி சுகம். தேனி தாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பஸ் போகப் போக இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். லோயர் கேம்ப்பில் ராட்சசக் குழாய்கள் மலையிலிருந்து சரசரவென்று இறங்குகின்றன. பெரியாற்றுத் தண்ணீர் அதன் வழியே வந்து கரண்டாகி, அப்புறம் வயலுக்குப் போகிறது. கேரளா பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஆற்றை, 1895-ல் அணை கட்டி முடித்து நம் பக்கம் திருப்பிவிட்டவர் பென்னிகுக். அவருக்கு 2013-ல் திறந்த மணிமண்டபமும் இங்கேதான் இருக்கிறது. தேனி மாவட்டத்தில் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயருக்கு வேறெங்கே இந்த மரியாதை கிடைக்கும்?

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் குமுளி. அதைத் தாண்டினால் புலிகள் காப்பகம், அதற்குள் ஏரி. அணை கட்டியதும் காட்டின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. அன்றைக்கு மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்னமும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம், ஆபீஸில் மேனேஜர் மாதிரி, சும்மா உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் நாலு பேர். மூன்று பேர் ஒரே ஆபீஸ். நான் மட்டும் சுதந்திரப் பறவை, அதாவது மாதச் சம்பளம் இல்லாதவன். படகில் ஏறியதும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். எங்கள் கேஷியர் நண்பர் முகத்தைச் சுளித்தார்.

"போட்டோவுல புதுச் சட்டை தெரியாதேப்பா!"

படகு ஊழியர் சிரித்துக்கொண்டே வந்தார். கேஷியரின் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து மேலே ஒரு இழு இழுத்தார். அது நேரே காது வரை வந்துவிட்டது.

"சாரே, இப்படி இருந்தா தண்ணியில ஜாக்கெட் மேலே மிதக்கும், சார் கீழே போகும்!" என்றபடி பெல்ட்டுகளை இறுக்கிக் கட்டிவிட்டார். கேஷியர் அப்புறம் சட்டையைப் பற்றிப் பேசவில்லை.

அரை மணி நேரம் ஒன்றும் தென்படவில்லை. திடீரென்று வலது கரையில் ஒரு யானை, பக்கத்தில் குட்டி. அவ்வளவுதான்! இடது பக்க வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறேழு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கையில் செல்போன், வாயில் "டேய், டேய், அங்க பாருடா!"

ஊழியரின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "உட்காருங்க! எல்லாரும் உட்காருங்க! யானை எங்கேயும் போகாது!" என்று ஒரு அதட்டல். படகு வேகத்தைக் குறைத்து மெதுவாகத் திரும்பியது. இரண்டு பக்கத்துக்காரர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்தே யானையைப் பார்த்தோம். அது எங்களைச் சட்டையே செய்யவில்லை.

'இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?' என்று ஒருவர் முணுமுணுத்தார். அந்தக் கோபத்துக்குப் பின்னால் 45 உயிர் இருக்கிறது சார்.

2009 செப்டம்பர் 30. இதே ஏரி, இதே மாதிரி ஒரு சாயங்காலம். 'ஜலகன்யகா' என்று ஒரு இரண்டடுக்குப் படகு. தண்ணீரில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புத்தம் புதுப் படகு. 75 பேருக்கானதில் 80-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. கரையில் விலங்குகளைப் பார்க்க ஜனங்கள் ஒரு பக்கமாகச் சாய, படகும் சாய்ந்து கவிழ்ந்தது. 45 பேர் பலி. அதில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. படகின் நிலைத்தன்மையிலேயே கோளாறு இருந்தது என்பதெல்லாம் பின்னால் விசாரணையில் வந்தது. செத்தவர்கள் செய்த குற்றம், விலங்குகளைப் பார்க்க ஆசைப்பட்டதுதான்.

நான் பி.காம். படித்தவன். பௌதிகத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் படகு சமாச்சாரம் எனக்கு உடனே புரிந்தது. ஏனென்றால் அது சாட்சாத் பேலன்ஸ் ஷீட்! இடது பக்கமும் வலது பக்கமும் டாலி ஆக வேண்டும். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால் 75 பேர் 4,500 கிலோ, அதாவது நாலரை டன். சரக்கு லாரியில் மூட்டை கட்டின இடத்தில் கிடக்கும். இந்த நாலரை டன்னுக்குக் கால் முளைத்திருக்கிறது, கையில் கேமராவும் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்வரை பாரம் தாழ்வாக இருக்கும், படகு லேசாகச் சாய்ந்தாலும் தானே நிமிரும். எழுந்து நின்றால் பாரம் உயரும், அதுவும் மேல்தட்டில் நின்றால் கேட்கவே வேண்டாம். ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் விளிம்பு வழியே தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடும், ஆட்களும் அதே பக்கம் சறுக்குவார்கள். வட்டிக்கு வட்டி! யோசிக்க அவகாசமே கிடைக்காது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளைக்காரன் காலத்து 1917-ஆம் வருஷச் சட்டம்தான் ரொம்ப நாள் இருந்தது. அதை எடுத்துவிட்டு 2021-ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. அதன்படி இயந்திரப் படகுக்கு மூன்று காகிதம் முக்கியம். ஒன்று, பதிவு. இரண்டு, சர்வே சான்றிதழ். அதாவது படகைப் பரிசோதித்து, ஓட்டத் தகுந்தது என்று சொல்வது. எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கும் இந்தப் பரிசோதனையை ஒட்டித்தான். மூன்று, ஓட்டுகிறவரின் தகுதிச் சான்றிதழ். இன்ஷூரன்சும் உண்டு.

காகிதம் எல்லாம் பிரமாதம். ஆனால் 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் லீவுக்குப் பழவேற்காடு ஏரிக்குப் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். 2023 மே 7 அன்று, கேரளாவில் தானூரில், மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, இருட்டுகிற நேரத்தில் போனதில் இன்னொரு 22 பேர். ஊர் வேறு, வருஷம் வேறு. படகு முங்குகிற லட்சணம் மட்டும் மாறவே இல்லை.

படகுக்கு லைசென்ஸ் உண்டு, ஓட்டுகிறவருக்கும் உண்டு. நாலரை டன் பாரமாக நடுவில் உட்காருகிற நமக்குத்தான் ஒன்றும் இல்லை. ஆகவே நமக்கு நாமே ஒரு லைசென்ஸ் கொடுத்துக்கொள்வோம். பரீட்சை ரொம்ப சுலபம்:

படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், தலையை எண்ணுங்கள். கூட இருந்தால் இறங்கிவிடுங்கள். அடுத்த டிரிப் வரும்.

ஜாக்கெட்டைக் கட்டிய பிறகு, பக்கத்தில் இருப்பவரைத் தோளில் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். காது வரை வந்தால் ஃபெயில். குழந்தைக்குக் குழந்தை சைஸ்தான்.

இருட்டிய பிறகு 'ஸ்பெஷல் ரவுண்டு' என்று யாராவது கூப்பிட்டால், காது கேட்காதது மாதிரி நடந்துவிடுங்கள்.

என்ன தெரிந்தாலும், புலியே வந்து கும்பிடு போட்டாலும், எழுந்திருக்காதீர்கள்.

நானே ஓட்டணும் சார் என்கிற சூரர்களுக்கும் வழி உண்டு. மத்திய சுற்றுலாத் துறையின் தேசிய நீர் விளையாட்டு நிலையம் கோவாவில் இருக்கிறது. விசைப்படகு ஓட்டவும், தண்ணீரில் விழுந்தவரைக் காப்பாற்றவும் அங்கே முறையாகக் கற்றுத் தருகிறார்கள். சிங்கப்பூரில் உல்லாச மோட்டார் படகை ஓட்ட வேண்டுமென்றால் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். அங்கே வேலைக்குப் போன நம் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எழுந்து நிற்காவிட்டால் யானை போட்டோ சரியாக விழாதே, ஆபீஸில் எவனும் நம்ப மாட்டானே என்கிறீர்களா? வாஸ்தவம்தான். ஆனால் போட்டோவைக் காட்டுவதற்கு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாம் ஆபீஸில் இருக்க வேண்டுமே சார்!