மாடிச் சாவி யாரிடம்?

தேய்மானம் என்பது காமர்ஸ் படித்தவர்களுக்குப் பேனா வேலை. மார்ச் 31 வந்தால் வருமான வரிக் கணக்கில் கட்டடத்துக்கு 10 சதவிகிதம், மெஷினுக்கு 15 சதவிகிதம் கழித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நிஜத் தேய்மானம் மொட்டை மாடியில் நடக்கிறது. அங்கே ஏறிப் பார்த்த முதலாளிகள் எத்தனை பேர்?

இந்தப் புரட்டாசியில் உங்கள் ஆபீஸ் மாடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் காய்ந்த இலை, புறா இறகு, ஒரு பிளாஸ்டிக் டீ கப் இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. ஆயிரம் சதுர அடி மாடியில் நாலு அங்குலம் தண்ணீர் தேங்கினால் என்ன எடை தெரியுமா? ஒன்பது டன்னுக்கு மேல்! ஒரு டீ கப் செய்கிற வேலை இது.

அடுத்த வில்லன், ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் ஸ்டாண்டு. போல்ட் போட டிரில் பண்ணுகிறார்கள். தட்டோடும் அதன் கீழுள்ள சுண்ணாம்புத் தளமும் ஓட்டையாகின்றன. சிமென்ட் கட்டை மேல் வைத்தால் தீர்ந்தது, யார் கேட்கிறார்கள்?

சீலிங்கில் சொட்ட ஆரம்பித்ததும், ‘தளம் லீக் சார், கொத்தனாரைக் கூப்பிடுங்க’ என்பார் மெக்கானிக். ‘இது ஏ.சி. தண்ணி சார்’ என்பார் கொத்தனார். சமயத்தில் ரெண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும். ஃபில்டரில் தூசி அடைத்தால் காயிலில் ஐஸ் கட்டி, உருகிச் சொட்டும். டிரெயின் பைப்பில் பாசி அடைத்தாலும் சொட்டும். வெயில் நாளில் சொட்டினால் ஏ.சி.யைப் பாருங்கள். ஏ.சி.யை அணைத்த பிறகும் மழையில் சொட்டினால் மாடிக்கு ஏறுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில், ஐப்பசி முகூர்த்தத்துக்கு அடித்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகள் ஒரே ராத்திரியில் ஊறிப்போயின. ‘ஏ.சி. மாட்டி ஓட்டை போட்டது நீங்கதானே?’ என்றார் கட்டட ஓனர். ‘குழாய் அடைச்சிருக்கு, அது உங்க பொறுப்பு’ என்றார் அச்சகக்காரர். பஞ்சாயத்து முடிவதற்குள் முகூர்த்தம் வந்துவிடுமே! கைக்காசைப் போட்டு மறுபடி அச்சடித்தார். அந்தத் தீபாவளிக்கு அவரிடம் வேலை பார்த்த ஆறு பேருக்கும் பாதி போனஸ்தான். குழாய் வாயைச் சுத்தம் செய்ய ஓர் ஆளின் அரை நாள் கூலி போதும். எந்தப் பேரேட்டிலும் அதற்கு ஒரு பக்கம் இல்லை.

மறுநாள் ஆள் பிடித்து மாடிக்கு அனுப்பினால், கதவு பூட்டியிருக்கிறது. சாவி பழைய வாட்ச்மேனிடம். அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.