காலைச் செய்தி, அதுக்குப் பிறகு ஒரு மன்றாட்டு

எங்கட பள்ளிக்கூடத்துப் பெயருக்குப் பின்னால "றோ.க.த.க." எண்டு நாலு எழுத்து வரும். அஞ்சு வருசம் கொப்பி மட்டையில அதை எழுதி எழுதியே வளர்ந்தம். விரிச்சுச் சொல்லச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. பெயர்தான் கத்தோலிக்கம். சம்பளம் குடுக்கிறது அரசாங்கம், புத்தகம் குடுக்கிறது அரசாங்கம், அதிபரை மாத்திறது தீவக வலயக் கல்வி அலுவலகம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் நடுவில ஒரு வேலிகூட இல்லை. பூசை மணியும் பள்ளிக்கூட மணியும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

இதில 'நாங்கள்' எண்டு வாறது பதினொரு பேர். 2009 ஜனவரியில ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒண்டில தரம் 1இல சேர்ந்த ஏழு கத்தோலிக்கப் பிள்ளையளும் நாலு சைவப் பிள்ளையளும். அதில மூண்டு பேர் இப்ப யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில. ரெண்டு பேர் கனடா, ஒருத்தர் பிரான்ஸ். ஒருத்தன் தேப்பனோட கடலுக்குப் போறான். மிச்சப் பேர் கடை, கலியாணம், கொழும்பு எண்டு பிரிஞ்சு போச்சினம். எழுத முதல் வட்ஸ்அப் குழுவில கேட்டம். புலமைப்பரிசில் பரீட்சையையோ விளையாட்டுப் போட்டியையோ ஒருத்தரும் சொல்லேல்லை. "அந்தச் செய்தி வாசிப்பை எழுதுங்கோ" எண்டுதான் சொன்னவை.

அதுக்கு முதல் அந்த நாலு எழுத்தின்ர கதையைக் கொஞ்சம் சொல்லவேணும். கலைப்பீடத்துக்கு வந்த பிறகுதான் எங்களுக்கே விளங்கினது. யாழ்ப்பாணத்தில் மதம், பள்ளிக்கூடம், பத்திரிகை மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் வளர்ந்திருக்கின்றன. அமெரிக்க மிசன்காரர் 1841இல் உதயதாரகையைத் தொடங்கினார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கத்தோலிக்கர் 1876இல் சத்தியவேத பாதுகாவலனோடு வந்தார்கள். இன்றைக்கும் ஞாயிறு பூசை முடிய கோயில் வாசலில் விற்கிற 'பாதுகாவலன்' அதன் வழி வந்ததுதான். பிள்ளைக்கு அதன் மதத்தைச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் வாதாடியவர்களில் பொன்ஜீன் ஆண்டகை முக்கியமானவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி எங்கட பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடம். 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் சின்னப் பெடியனாகப் படித்தது அங்கேதான். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வழி செய்த மனிசன் பாதையும் வத்தையும் ஓடுகிற இந்தத் துறையில் 'அ' எழுதியவர் என்பதில் தீவாருக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

பிறகு 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. உதவி பெற்ற மதப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தெற்கில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் போய் இருந்து மறித்தார்கள். சமாதானம் பேச பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வரவேண்டியிருந்தது. கடைசியில் கட்டடம் போனது, பெயர் நின்றது. எங்களுக்கு அறுபது வருசத்துக்குப் பிந்தின ஒரு கேள்வி உண்டு: அந்த மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் எங்கட வகுப்பு நாலு சைவப் பிள்ளையளுக்கும் சைவநெறிப் புத்தகம் கையில கிடைச்சிருக்குமோ? எங்களுக்கு அது சந்தேகம்தான். கோயில் ஆக்கள் சிலபேர் இதைக் கேட்டால் கோவிப்பினம். பரவாயில்லை.

சரி, செய்தி வாசிப்பு.

காலைப் பிரார்த்தனையில கிழமைக்கு ஒரு வகுப்புக்குப் பொறுப்பு. முதல் செபம். வெள்ளிக்கிழமையில தேவாரமும் உண்டு. நாலு பேர் பாட, ஏழு பேர் வாயசைப்பம். பிறகு நற்சிந்தனை. பிறகு "இன்றைய செய்திகள்". பேப்பர் யாழ்ப்பாணத்தில இருந்து முதல் பஸ்ஸில வரும், உதயன் அல்லது வலம்புரி. பஸ் பிந்தினால் நேற்றைய பேப்பரில வாசிக்காத மூலை ஒண்டைத் தேடி "இன்றைய செய்தி" எண்டு வாசிப்பம். இப்ப எங்களோட படிக்கிற நெடுந்தீவுப் பெடியன் ஒருத்தன் இதைக் கேட்டுச் சிரிச்சான். அவங்கட பள்ளிக்கூடத்தில குறிகட்டுவானில இருந்து படகு வந்தால்தான் பேப்பர். பிரார்த்தனை அதுக்கு முதலே முடிஞ்சிடும். அவங்கட "இன்றைய செய்தி" எப்பவும் நேற்றையதுதானாம்.

மற்றப் பள்ளிக்கூடங்களில செய்தி வாசிச்சவுடன அலுவல் முடிஞ்சுது. எங்கட ரீச்சர் ஒண்டைக் கூட்டி வைச்சிருந்தவா. வாசிச்ச செய்தியில ஒண்டை எடுத்து, அதில வாற மனிசருக்காக வாசிச்ச பிள்ளையே ஒரு மன்றாட்டுச் சொல்லவேணும். ஒரே ஒரு வசனம். எழுதி வைச்சுப் பாடமாக்கக் கூடாது. விலை கூடினால் விலை குறையவேணும் எண்டு மன்றாடக் கூடாது, சமைக்க வழியில்லாத அம்மாவுக்காக மன்றாடவேணும். "செய்திக்குள்ள ஆளைத் தேடு" எண்டுதான் எப்பவும் சொல்லுவா. சைவப் பிள்ளையளும் சொல்லுவினம். அவையள் "கடவுளே" எண்டு தொடங்குவினம், நாங்கள் "ஆண்டவரே" எண்டு தொடங்குவம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாங்கள் தரம் 1இல இருந்த 2009இல செய்தி வாசிச்சது தரம் 5 அண்ணாக்களும் அக்காக்களும். கடலுக்கு அங்கால வன்னியில நடந்ததெல்லாம் பேப்பரில வந்த காலம். ஒரு நாள் ஒரு அண்ணா வாசிச்சுக்கொண்டு நிக்கேக்க ரீச்சர் போய்ப் பேப்பரை மெதுவா வாங்கி மடிச்சவா. எல்லாரையும் முழங்காலில நிக்கச் சொன்னா. மன்றாட்டுக்கு வசனம் இல்லை, சும்மா இருந்தம். ஏன் எண்டு எங்களுக்கு அப்ப விளங்கேல்லை. முழங்கால் நொந்ததுதான் ஞாபகம்.

தரம் 5இல எங்கட முறை வந்தது. தீவுப் பள்ளிக்கூடத்தில கிழமைக்கு ரெண்டு தரமாவது வாற செய்தி ஒண்டுதான்: எல்லை தாண்டின இந்தியப் படகுகள், கைதான மீனவர்கள். எங்கட வகுப்பில அஞ்சு பேரின்ர தேப்பன்மார் கடற்தொழில். இழுவைப்படகு வந்து போன அடுத்த நாள் வீடு எப்பிடி இருக்கும் எண்டு அவைக்குத் தெரியும். வலை போனால் கடன். கடன் எண்டால் அம்மாவின்ர சங்கிலி ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அடைவுக்குப் போகும். இப்ப கடலுக்குப் போறானே அவன், அவன்தான் அண்டைக்குச் செய்தி வாசிச்சவன். ராமேஸ்வரம் மீனவர் இத்தனை பேர் கைது எண்டு வாசிச்சு முடிச்சான். ரீச்சர் வழமை போல, "ஆருக்காக மன்றாடப் போறாய்?" எண்டு கேட்டா. "எங்கட அப்பாவுக்கு" எண்டான். "செய்தியில வந்தது ஆர்?" அவன் பேசாமல் நிண்டான். வெயில் ஏறத் தொடங்கீற்று. பாலர் வகுப்புப் பிள்ளையள் குந்தி இருந்திட்டினம். கடைசியில அவன், "அவையின்ர பிள்ளையளுக்கு" எண்டு மட்டும் சொன்னான். "ஆண்டவரே" எண்டும் சொல்லேல்லை, "மன்றாடுகிறோம்" எண்டும் சொல்லேல்லை. ரீச்சர் அதைக் காணும் எண்டு விட்டிட்டா.

அவனைப் போன மாதம் இதைப் பற்றிக் கேட்டம். "எனக்கு இண்டைக்கும் விருப்பமில்லை" எண்டு அடிச்சுச் சொன்னான். "ஆனால் கச்சதீவில ஒருக்கா அவையோட ஒண்டா இருந்து சோறு திண்டனான், அதையும் இல்லை எண்டு சொல்லேலாது." கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில இருந்து எங்கட ஆக்களும் ராமேஸ்வரத்தில இருந்து அவையும் போறது. 1974 ஒப்பந்தத்தில தீவு இலங்கைக்கு வந்தது; அந்தோனியார் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா இருந்திட்டார். சிலுவைப்பாதையில முன்னால நடக்கிறவர் உன்ர வலையை அறுத்தவரா இருக்கலாம். 2017இல இலங்கையில இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால தடை செய்தும் கடலில பெரிசா ஒண்டும் மாறேல்லை. 2024 பெப்ரவரியில தங்கட ஆக்களைச் சிறையில போட்டதுக்கு எதிர்ப்பா ராமேஸ்வரம் ஆக்கள் திருவிழாவுக்கே வரேல்லை. அந்த வருசம் எங்கட பக்கத்து ஆக்கள் தனியப் போய்வந்தவை. "வராததும் நல்லம்தான்" எண்டு சில பேர் சொன்னவை. "ஆக்கள் இல்லாமல் திருவிழா திருவிழா மாதிரி இல்லை" எண்டும் அதே ஆக்கள் சொன்னவை.

மன்றாட்டுக்கு அடங்காத இன்னொரு செய்தி இருந்தது. அது பேப்பரில வரேல்லை.

நவம்பர் 2 சகல ஆன்மாக்கள் தினம். கோயிலில ஒரு கொப்பி வைப்பினம். செத்த ஆக்களின்ர பெயரை எழுதிக் குடுத்தால் அந்த மாதம் முழுக்கப் பூசையில நினைப்பினம். பின்னேரம் சேமக்காலைக்குப் போய்ப் புல்லுப் புடுங்கி, பூ வைச்சு, மெழுகுதிரி கொளுத்துவம். எங்கட வகுப்பில ஒருத்தியின்ர தேப்பன் 2007இல வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரேல்லை. அவளின்ர அப்பம்மா கொப்பியில பெயர் எழுதச் சொல்லுவா. அம்மா விடமாட்டா. எழுதினால் செத்திட்டார் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. எழுதாட்டில் மகனின்ர ஆன்மாவை ஆர் நினைக்கிறது எண்டு அப்பம்மா அழுவா. ரெண்டும் விசுவாசம்தான். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டும் வருசா வருசம் நவம்பரில சண்டை பிடிக்கும். அவள் ரீச்சரிட்டக் கேட்டாள்: "நான் அப்பாவுக்கு எந்த மன்றாட்டைச் சொல்லுறது? சுகமா இருக்கவோ, இளைப்பாறவோ?"

தீவில இந்தக் கேள்வி அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதில்லை. அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் கோயிலில் 2006 ஓகஸ்ட் 13இல் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின் மேல் செல் விழுந்தது. அங்கிருந்தவர்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவர முயன்ற பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகள் ஒரு கிழமை கழித்து, ஓகஸ்ட் 20இல், கூடப்போன இன்னொருவரோடு காணாமல் போனார். ஒரு பாதருக்கே எந்தப் பூசை ஒப்புக்கொடுப்பது என்று தெரியாத மண் இது. 2016இல் ஒரு சட்டம் வந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் இல்லை என்று மட்டும் சொல்லுகிற சான்றிதழ் ஒன்றை எடுக்கலாம் என்று. அரசாங்கம் அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து வருசத்துக்கு மேலே எடுத்தது.

எங்கட ரீச்சருக்கு ஒரு நாள் எடுத்தது. அடுத்த நாள் காலமை அவளைக் கூப்பிட்டு, "அப்பா எங்க இருக்கிறாரோ அங்க அவரோட இரும் எண்டு சொல்லு" எண்டா. திருமறைப் புத்தகத்தில அப்பிடி ஒரு செபம் இல்லை. அவள் அதைத்தான் சொன்னாள். அதுக்குப் பிறகு எங்கள் எல்லாருக்கும் அது பாடம். இப்ப பிரான்சில இருக்கிறவள் அவள்தான். வட்ஸ்அப்பில, "அதை மட்டும் மாத்தாமல் எழுதுங்கோ" எண்டு கேட்டவள்.

இதையெல்லாம் வாசிச்சிட்டு, எங்கட பள்ளிக்கூடம் ஏதோ புனிதமான இடம் எண்டு நினைச்சிடாதேங்கோ. மாதா சொரூபத்துக்குப் பின்னால மாங்காய் ஒளிச்சு வைச்சம். முதல்நன்மைக்கு வெள்ளைச் சட்டை தைக்கிற போட்டியில ரெண்டு அம்மாமார் ஒரு வருசம் கதைக்காமல் இருந்தவை. பாவசங்கீர்த்தனத்துக்குச் சொல்லப் பாவம் காணாமல் ஒருத்தன் மற்றவனிட்டக் கடன் வாங்கினான்.

போன வருசம் மூண்டு பேரும் அங்க போனம். எங்கட காலத்தில அறுபது சொச்சம், இப்ப மொத்தம் பத்தொன்பது பிள்ளையள். 1990இல இடம்பெயர்ந்து போன குடும்பங்களில பாதி திரும்பி வரேல்லை. வந்ததிலும் வசதி வந்தவை பிள்ளையளை யாழ்ப்பாணத்துக்கு வானில அனுப்பீனம். ரீச்சர் ஓய்வு பெற்றிட்டா. பேப்பர் வாங்கிறதை நிப்பாட்டிப் போட்டினம், அதிபரின்ர போனில பார்த்துத்தான் செய்தி. நாங்கள் போன அண்டைக்குத் தரம் 3 பிள்ளை ஒண்டு டொலர் விலையை வாசிச்சிட்டு, ஆருக்காக மன்றாடுறது எண்டு தெரியாமல் முழிச்சுக்கொண்டு நிண்டுது. பக்கத்தில நிண்டவன், "வெளிநாட்டில இருக்கிற மாமாவுக்கு எண்டு சொல்லு" எண்டு குசுகுசுத்தான்.

பிள்ளை குறைஞ்சால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேர்க்கிறது எண்டு கதை அடிபடுது. அதிபர் வீடு வீடாப் போய்க் கேட்டிருக்கிறா. அடுத்த ஜனவரிக்குத் தரம் 1இல அதுவரை பதிஞ்சது மூண்டு பேர். மூண்டும் சைவப் பிள்ளையள். சைவநெறி படிப்பிக்க ஒரு ரீச்சர் தரச்சொல்லி வலயத்துக்குக் கடிதம் எழுதி மேசையில வைச்சிருந்தவா. பெற்றோர் சார்பில அதில முதல் கையெழுத்துப் போட்டிருந்தது பங்குப் பாதர்.