திரும்பி வந்த நோய்
(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

வருமுன் காப்பதே அறிவுடைமை என்பர் பெரியோர். எங்கள் வீட்டிலோ, வந்த பின்னும் காக்கத் தவறினோம். அதில் என் பங்கும் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

என் தந்தையார் பேருந்து ஓட்டுநர். இளமையில் பற்றிய பீடிப் பழக்கம் அவரை விடவேயில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அவருக்குச் சிறுநீரில் இரத்தம் போயிற்று. வலி இல்லை. "வண்டிச் சூடுதான்" என்று இளநீரும் வெந்தயமுமாக நான்கு மாதங்களைக் கடத்தினார். பிறகுதான் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வரவேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று முறை சென்றார். ஒன்றுமில்லை என்றதும் நின்றுவிட்டார். "நல்லாத்தானே இருக்கேன்? அந்தச் சோதனையே ஒரு அவமானம்டா" என்றார். சீட்டுகளை அடுக்கி வைத்தவன் நான். தேதியும் எனக்குத் தெரியும். ஆனால் பருவத் தேர்வு நெருங்கியிருந்தது. உடன் சென்றால் ஒரு நாள் வீணாகுமே என்று வாய் திறக்கவில்லை. ஒன்றரை ஆண்டில் இரத்தம் மீண்டும் வந்தது. ஒரு கட்டி இருந்த இடத்தில் மூன்று.

அந்த நாட்களில்தான் வகுப்பில் மரபியல் பாடம் நடந்தது. மனிதப் புற்றுநோய் மரபணு ஒன்றில் ஓரெழுத்து மாற்றம் முதன்முதலாக 1982-இல் கண்டறியப்பட்டதாம். அதுவும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்லில்! 'எச்.ராஸ்' என்னும் மரபணுவில் ஜி.ஜி.சி. என்பது ஜி.டி.சி. ஆகிவிட, கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் வாலின் வந்து அமர்கிறது. 'அறம்' 'அரம்' ஆனது போன்ற பிழை!

மருத்துவரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். புகையிலும் சில சாயப் பொருள்களிலும் உள்ள நச்சு, சிறுநீரில் கலந்து பைக்குள் மணிக்கணக்கில் தங்குகிறது; உள்சுவரின் பல செல்களில் இத்தகைய பிழைகள் விழுகின்றன. கட்டியை எடுத்தாலும் பிழையுற்ற செல்கள் சுவரில் எஞ்சலாம். இந்நோய் அடிக்கடி திரும்புவது இதனால்தான். 'எஃப்.ஜி.எஃப்.ஆர்.3' மரபணுவில் மாற்றமுள்ள கட்டிகள் பெரும்பாலும் மேலோட்டமானவை. திரும்பத் திரும்ப வந்தாலும் ஆழமாய்ப் பாய்வது குறைவு. 'டி.பி.53' கெட்டவையோ தசைக்குள் ஊடுருவும் கட்டிகளில் மிகுதி. 2013-இல் அறியப்பட்ட 'டெர்ட்' மரபணு மாற்றம் இருவகையிலும் பரவலாகக் காணப்படுகிறது. உதிரும் செல்கள் வழியே இக்குறிகளைச் சிறுநீரிலேயே தேடிப் பார்க்கலாம்.

"அப்படியானால் குழாய் வேண்டாமே?" என்றேன், அப்பாவுக்காக.

"சிறு கட்டிகள் அந்தச் சோதனைக்குத் தப்பிவிடலாம் தம்பி. அது துணைதான். கண்ணால் பார்ப்பதை இன்னும் விட முடியாது."

வீட்டில் 'மரபணு' என்றதும் அம்மா கலங்கிப் போனார். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம். பரம்பரை நோய் என்று ஊர் பேசுமே என்று அஞ்சினார். "அப்பாவின் பையில் பின்னால் விழுந்த பிழை அம்மா, பிறப்பில் வந்ததன்று, பிள்ளைகளுக்கு இறங்குவதும் அன்று" என்று சொல்லித் தேற்றினேன். நான் படித்த படிப்பு அன்றுதான் வீட்டிற்குப் பயன்பட்டது.

இப்போது சோதனைத் தேதி நாட்காட்டியில் சிவப்பு மையில் இருக்கிறது. அப்பாவுடன் நானும் செல்கிறேன். அவர் பீடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. சென்ற முறை ஒன்றுமில்லை என்றார்கள். "அடுத்தது எப்போ?" என்று அவரே கேட்டார்.

விடுதிக்குப் பின்னால் நின்று புகைக்கும் தோழர்களே, கோபிக்க வேண்டாம். வலியின்றி இரத்தம் வந்தால் சூடு என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் யாருக்கேனும் இந்நோய் வந்திருந்தால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர்கள் சொல்லும் நாளிலும் சோதனைத் தேதியை நினைவூட்டுங்கள். நான் அன்று பேசாமல் இருந்தேன், நீங்கள் பேசுங்கள்.