தூளும் மருந்தும்

"இனிச் செய்வதற்கொன்றுமில்லை" என்று வைத்தியசாலை கைவிரித்த பின்னரே என் வேலை தொடங்குகிறது. மருதானை முடுக்குகளில், கட்டிலைச் சுற்றி நடக்கவும் இடமில்லாத ஓரறை வீடுகளில், புற்றுநோயோடு கிடக்கும் தொழிலாளரைத் தேடிச் செல்கிறேன். அவர்களுள் பலர் மரணத்தைவிட நோவுக்கே அஞ்சுகின்றனர்.

அந்நோவுக்கு மருந்துண்டு. வாயால் அருந்தும் மோர்பின், நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கூடவே மலச்சிக்கலுக்கும் ஒரு மருந்து. விலையும் அதிகமன்று. ஆயினும் ஒரு மூதாட்டி அதைத் தொட மறுத்தார். "என்ட மகனத் தூள் கொண்டுபோச்சு, டொக்டர். இவருக்கும் அதையா குடுக்கச் சொல்றீங்க?"

அவரை அறியாதவர் என்பது அநீதி. தெருமூலையில் விற்கப்படும் ஹெரோயினும் என் பையிலுள்ள மருந்தும் அபினின் வழிவந்தவை என்பது மெய்தானே! நோவின் அளவறிந்து கொடுக்கும் மருந்து அடிமையாக்குவது அரிது என்று விளக்க மூன்று மாலைகள் ஆயின.

கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய பணி, பின்னர் அயலவரையே பராமரிப்பாளராக்கிக் கேரளமெங்கும் பரவிற்று. வைத்தியன் வந்து போகிறவன். இரவு முழுவதும் அருகிலிருப்பவர் அயலவரல்லவா? இங்கும் அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்தான் மணி பார்த்து மருந்தை அளந்து கொடுத்தாள். நான்காம் நாள் பெரியவர் கால் நீட்டி உறங்கினார். மூதாட்டி வாசலில் அமர்ந்து, பிள்ளைகள் சத்தமிடாதபடி பார்த்துக்கொண்டிருந்தார்.