கோட்டுக்குக் கீழே

பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு. நேற்று கணக்கு நோட்டோடு என் திண்ணைக்கு வந்தாள். 2⁻³ என்பதற்கு −8 என்று எழுதி, ஆசிரியை சிவப்பு மையில் அடித்திருந்தார்.

முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். மைனஸைக் கண்டதும் கடன் என்று பயந்துவிடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான எங்கள் பிள்ளையார்பாளையத்தில் நூலுக்கா பஞ்சம்? தறியடியில் கிடந்த பட்டு இழையை எடுத்துவரச் சொன்னேன்.

"ரெண்டா மடி. எவ்வளவு?"

"அரை, தாத்தா."

"இன்னொரு மடிப்பு?"

"கால்."

"இன்னும் ஒண்ணு?"

விழித்தாள். "அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு" என்றேன். 8, 4, 2, 1 என்று பாதி பாதியாக இறங்கும்போது அடுக்கு 3, 2, 1, 0 என்று குறைகிறது. அதே படியில் அரை 2⁻¹, கால் 2⁻², அரைக்கால் 2⁻³. இழை சிறுத்ததே தவிர, கடனாகிவிடவில்லை.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். 320-இல் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, அதாவது 320⁻². ஒன்றை 1,02,400 பங்காக்கினால் வரும் துளிக்கும் பெயர் வைத்துக் கணக்கில் சேர்த்தார்கள். எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும்.

பிறகு 12அ²க⁻³ / 4அ⁻¹ என்பதைச் சுருக்கினோம். மேலிருக்கும் க⁻³ கோட்டைத் தாண்டிக் கீழே போனால் க³. கீழிருக்கும் அ⁻¹ மேலே ஏறினால் அ. விடை 3அ³/க³. அடுக்கில் உள்ள மைனஸ் இடத்தை மாற்றச் சொல்கிறது, அவ்வளவுதான். எண்ணுக்கு முன்னால் நிற்கும் மைனஸ் வேறு, அது நகராது.

அரைக்கால் கல்வெட்டிலும் உண்டு. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச்சபைக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும்; வேலி என்பது நில அளவு. ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று எடுத்துச்சொல்ல வல்லவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்கிறது அது.

சிறு பங்கை நானும் ஒருகாலத்தில் மதித்ததில்லை. என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரே தறி. பாதித் தறி என்றால் ஒன்றுமில்லை என்றே சிறுவயதில் நினைத்து அழுதேன். அந்தப் பாதித் தறிதான் என்னைப் படிக்க வைத்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை −8 என்று எழுதினால் திட்டாதீர்கள். கையில் ஒரு நூலைக் கொடுத்து மூன்று தரம் மடிக்கச் சொல்லுங்கள்.