ரஞ்சன்குடிக் கோட்டையில் ஒரு பாஸ்வேர்டு பாடம்

சென்னையிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில், பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால், சாலையிலிருந்தே தெரிகிறது ரஞ்சன்குடிக் கோட்டை. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் போனில் மூழ்கிவிடுகிறார்கள். அந்தப் போனைக் காப்பாற்றிக்கொள்ளும் பாடமே இந்தக் கோட்டையில் இருக்கிறது!

ஆற்காடு நவாப் காலத்து ஜாகீர்தார் ஒருவர் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை இது. சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்கு மதில்கள். மேலே நிழல் குறைவு. காலையிலேயே தண்ணீர் பாட்டிலோடு ஏறிவிடுவது நல்லது.

மதிலை முட்டுகிறவர்கள்

ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பதற்குக் கணினி உலகில் 'புரூட் ஃபோர்ஸ்' தாக்குதல் என்று பெயர். 4 இலக்க பின் நம்பரில் மொத்தம் 10,000 சாவிகள்தான். கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம். அதனால்தான் சில முறை தப்பாகப் போட்டதும் கார்டு முடங்குகிறது.

வங்கித் தகவலைப் பூட்டும் 128 பிட் சாவி வேறு ரகம். அதில் எத்தனை சாவிகள் சாத்தியம் என்பதை எழுதினால் 39 இலக்கம் வரும். அந்த மதிலை யாரும் முட்டுவதில்லை. பிறந்த வருஷம், பிள்ளையின் பெயர், 1234 என்று நாம் வைக்கும் பாஸ்வேர்டைத்தான் ஊகித்துப் பார்க்கிறார்கள்.

சாவி வைத்திருந்தவர்

1751-ல் வாலிகொண்டாபுரம் சண்டை நடந்தது இங்கேதான். ஒரு பக்கம் முகமது அலிக்காக ஆங்கிலேயர், இன்னொரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். இரண்டு தரப்பும் முதலில் பீரங்கியைத் தூக்கவில்லை. கோட்டைத் தலைவரிடம் இரண்டு வாரம் போல பேரம் பேசின. அவர் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை.

பொறுமை இழந்த ஆங்கிலேயர், மண்சுவர் சூழ்ந்த வெளி ஊருக்குள் புகுந்து தீ வைத்தார்கள். கற்கோட்டை அசையவில்லை. கோட்டைத் தலைவரோ பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டார். ஆங்கிலப் படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது.

கதவு யார் பக்கம் திறக்கும் என்பதை முடிவு செய்தது சாவி வைத்திருந்த மனிதர்தான். இன்றைக்கு உங்கள் கோட்டைத் தலைவர் நீங்களே. "பேங்க்ல இருந்து பேசறோம் சார், ஓடிபி சொல்லுங்க" என்று வரும் அழைப்பு, அதே பழைய பேரம்தான்.

உள் மதில் காத்தது

வெளி ஊர் எரிந்தும் கோட்டை நின்றதல்லவா? கூடங்குளத்திலும் அப்படி ஒன்று நடந்தது. 2019 செப்டம்பரில் அங்கே நிர்வாகப் பிரிவு கணினி ஒன்றில் வைரஸ் நுழைந்திருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி இணையத்தோடு இணைந்திருந்தது. அணு உலையை இயக்கும் கணினிகளோ தனி வலைப்பின்னலில் இருந்ததால் பாதிக்கப்படவில்லை.

உள் மதிலின் பலன் இதுதான். வாட்ஸ்அப், மெயில் இரண்டிலும் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு வைத்தால், பாஸ்வேர்டு திருடு போனாலும் இரண்டாவது மதில் நிற்கும்.

மதிலில் விரிசல் இருந்தால்? 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் 150 நாடுகளில் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டது. அந்த விரிசலை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

சோழர் முத்திரை

பெரம்பலூரிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். வழியெல்லாம் சிமென்ட் லாரிகள். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலும், மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளமும் பார்க்க வேண்டியவை.

ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் 31 ஏடுகள். அவற்றை ஒரு வளையத்தில் கோத்து, அதில் புலியும் மீனும் வில்லும் உள்ள அரச முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். நடுவில் ஒரு ஏட்டை மாற்ற வேண்டுமானால் வளையத்தை வெட்டியாக வேண்டும், காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய டிஜிட்டல் கையெழுத்து செய்வதும் இதைத்தான். அனுப்பியவர் யார், நடுவில் யாரும் திருத்தினார்களா என்று இரண்டையும் சொல்லிவிடும்.

அதனால்தான் மோசடிக்காரர்கள் முத்திரை இல்லாத வழியாக வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் அபராதம்' என்ற பெயரில் ஏபிகே ஃபைல் வந்தால், அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் தொடாதீர்கள். அவர் போன் ஏற்கெனவே பிடிபட்டிருக்கலாம். போன் போட்டு, "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம். உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ரஞ்சன்குடியில் இறங்கிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓடிபியை ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை அந்தக் கோட்டை வாசலில் நின்று சொன்னால் சுலபமாகப் புரியும்.