கனம் குறைக்கும் கைகள்

டோக்கியோவை அடுத்த கஷிவா நகரில் காவ்லி ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்குள்ள கிளீன் ரூமுக்குள் நுழையத் தலை, வாய், கை, கால் எல்லாவற்றையும் மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையக் குழுவினர் அங்கே ஏணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிலிக்கான் சென்சார்களை வரிசையாகப் பொருத்திய நீளத் துண்டுக்குத்தான் அவர்களிடம் அந்தப் பெயர். சுகுபாவில் எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிடும் பெல் 2 சோதனையில், இந்த ஏணிகள் மோதும் இடத்தைச் சுற்றி நான்கு அடுக்குகளாக நிற்கும். மொத்தம் 172 சென்சார்கள். மெல்போர்ன், வியன்னா, கஷிவா குழுக்கள் ஆளுக்கொரு அடுக்கை எடுத்துக்கொள்ள, நான்காம் அடுக்கு இந்தியர்கள் பொறுப்பு.

மோதலில் பிறக்கும் பி மேசான் என்ற இரண்டு துகள்களும் சிதையும் இடங்களுக்கு நடுவே சராசரியாக 130 மைக்ரான்தான் இடைவெளி. அதை அளந்தால்தான் பருப்பொருளும் எதிர்ப்பொருளும் எங்கே வேறுபடுகின்றன என்று சொல்ல முடியும். மின்னேற்றமுள்ள துகள் சிலிக்கானைக் கடக்கையில் ஒவ்வொரு மைக்ரானிலும் ஏறக்குறைய 80 எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடுகிறது. சென்சாரின் இரு முகங்களிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் நுண்பட்டைகள் அந்தச் சமிக்ஞையை வாங்குகின்றன. எந்தப் பட்டையும் எந்தப் பட்டையும் ஒரே நேரத்தில் பேசின என்று பார்த்தால், துகள் போன இடம் தெரிந்துவிடும்.

துகளைப் பிடிக்கப் பொருள் வேண்டும். ஆனால் பொருள் கூடினால் துகள் சிதறி வழி மாறிவிடும். இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும் இதுதான். அதனால் சமிக்ஞையைப் படிக்கும் சிப்புகளை 0.1 மில்லிமீட்டராகத் தேய்த்து மெலிய வைக்கிறார்கள். தாங்கும் சட்டம் கார்பன் இழையும் நுரையும் கலந்தது. ஏணியின் நடுவிலுள்ள சென்சார்களில் சிப்புகள் எல்லாம் ஒரே முகத்தில் இருக்கின்றன. அடிமுகத்துச் சமிக்ஞையைக் கொண்டுவரும் மெல்லிய சுற்றை, வேட்டி ஓரத்தை மடிப்பதுபோல விளிம்பைச் சுற்றி மடித்து மேலே ஒட்டுகிறார்கள். சிப்புகள் ஒரே வரிசையில் அமைவதால், கார்பன் டை ஆக்சைடு ஓடும் ஒற்றைக் குளிர்குழாய் எல்லாவற்றுக்கும் போதும். ஒரிகாமி என்றே இந்த முறைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மடிப்பதற்கு முன் சென்சாரை வெற்றிட உறிஞ்சலில் பிடித்து நிறுத்தி, அளவுக்கருவியில் மைக்ரான் கணக்கில் நேர்ப்படுத்துகிறார்கள். பசை வைப்பது எந்திரக் கை. ஆனால் எவ்வளவு பசை என்று முடிவெடுப்பது மனிதர். குறைந்தால் பிடிக்காது, வழிந்தால் கம்பி பொருத்தும் இடம் கெடும். பிறகு கம்பி பொருத்துதல். மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பியை மீயொலி அதிர்வால் பதிக்கிறார்கள். ஒரு சிப்புக்கு 128 தடங்கள். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். சோதனைக்கென்று வைத்த கம்பிகளைக் கொக்கியால் இழுத்து, எத்தனை கிராம் விசையில் அறுகிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு கவனத்துக்கும் காரணம் உண்டு. உள்ளே பொருத்திவிட்டால், ஒரு கம்பி விட்டுப்போனது என்பதற்காக யாரும் கருவியைத் திறக்க மாட்டார்கள்.

2018 நவம்பரில் இந்த ஏணிகளால் ஆன கருவி பெல் 2-இல் பொருத்தப்பட்டது; 2019 மார்ச்சில் தரவு வரத் தொடங்கியது. துகள் இயற்பியல் என்றால் கரும்பலகையும் சமன்பாடும் மட்டும் என்று நம் கல்லூரிகள் இனியும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. எவ்வளவு பசை வேண்டும் என்று தெரிந்தவரும் அந்த இயற்பியலைச் செய்கிறவர்தான். அவருக்கும் பயிற்சியும் நிலையான வேலையும் வேண்டும்.